பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டுவிட்ட வரிச்சலுகை

போன வாரம் மிக்ஸி நின்றுபோனது. தேங்காய்ச் சட்னி பாதியில் இருக்கும்போது ஒரு முனகல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரமேஷிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் அடிப்பாகத்தைக் கழற்றியதும் கருகிய காயிலின் வாசனை கடை முழுக்கப் பரவியது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அவனுடைய செல்போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தலைவர், பெரிய வருமானக்காரர்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் வரியை இன்னும் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டது.

“யாருக்குக்கா கொறைக்கிறாங்களாம்?” என்றான் ரமேஷ், தலையைத் தூக்காமல்.

“பெரிய ஆளுங்களுக்குப்பா.”

“ம்” என்றான். கொஞ்ச நேரம் ஸ்க்ரூவைத் தேடினான். “காயிலு போயிடுச்சுக்கா. புதுசுதான் போடணும். ஜிஎஸ்டியோட சொல்லட்டா, இல்லாம சொல்லட்டா?”

எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பசியில்லாத நேரத்தில் யாரோ தட்டில் சோறு போட்டுவிட்டதுபோல அந்தச் செய்தி அப்படியே கிடந்தது. கருகிய காயிலின் வாசனைதான் என்னை விடவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. நான் வாங்கிய முதல் சம்பளம் அந்த வாசனைக்குள் உட்கார்ந்து வாங்கியது.

சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு காலத்தில் திண்டிவனம் சுற்றுவட்டாரம் முழுக்க என் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தபோது, ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் மைக் செட் கடை வைத்திருந்த ஏகாம்பரண்ணன் என்னைக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கோணிச் சாக்கு அடித்து, கடையைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி வைத்த சின்ன அறை. மின்விசிறி போட்டால் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் போடக்கூடாது. அந்தப் புழுக்கத்தில், சூடான ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். நகைக்கடைத் தள்ளுபடி, தீமிதி, காணாமல் போன கறவை மாடு, நாளை மின்தடை, எல்லாம் நான்தான். துக்கச் செய்திக்கு மட்டும் குரலை ஒரு படி இறக்கச் சொல்வார்.

தேர்தல் வந்தால் சாப்பிட நேரமிருக்காது. ஒரே தொகுதியில் மூன்று பேருக்கு ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று வாசித்திருக்கிறேன், அதுவும் ஒரே காலையில். மூன்று ஆட்டோக்களும் விக்கிரவாண்டி ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மூன்றிலும் நான் ஒருத்தியே ஒருவரை ஒருவர் தோற்கடிக்கச் சொல்லிக்கொண்டு போவேன். எங்கம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இவ எந்தக் கட்சிடி?” என்று என் தங்கையைக் கேட்பார். அந்த வயதில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் முகம் தெரிந்த வெகு சிலரில் ஒருத்தி பச்சையம்மா. மயிலம் பக்கத்து ஊர்க்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்திருந்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கூடையில் வைத்து விற்பாள். பஸ் நின்றதும் ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். அங்கே உட்கார்ந்து விற்பதற்குத் தினமும் அடிக்காசு கட்ட வேண்டும். நகராட்சியிடம் வசூலைக் குத்தகை எடுத்தவனின் ஆள் வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவான். வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் சீட்டு உண்டு. மழைநாளில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பவளிடமும் வந்து கிழிப்பான். என்னைப் பார்த்தால், “மைக்குப் பொண்ணே, தொண்டை கட்டிக்கினு கீது பாரு, வெந்நி குடி” என்பாள். என் குரலில் ஒரு கரகரப்பு வந்தால் என் அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நாள் முழுக்க அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு தேர்தலின்போது பெரிய வேட்பாளர் ஒருவர் வந்தார். பெயர் எதற்கு. ஒரே நாளில் அவருக்கு இரண்டு நிகழ்ச்சிகள். சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பொதுக்கூட்டம். அதற்கு முன்னால், காலை பதினொரு மணிக்கு, அருகிலிருந்த கல்யாண மண்டபத்தில் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு சந்திப்பு. மில் முதலாளிகள், கல்குவாரிக்காரர்கள், மனை பிரித்து விற்பவர்கள் என்று நூறு பேர் இருக்கலாம். எல்லாருக்கும் முந்திரி போட்ட கேசரி. கதவைச் சாத்திவிட்டார்கள்.

இரண்டுக்கும் ஒலி ஏற்பாடு ஏகாம்பரண்ணன்தான். சாயங்காலக் கூட்டத்துக்காகப் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூம்பு ஸ்பீக்கர்களை விடிகாலையிலேயே கட்டியிருந்தார். எல்லாமே மண்டபத்தில் இருந்த ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து போனது. ஒரு சிவப்பு ஸ்விட்ச்சைப் போட்டால் வெளியே கேட்கும். அணைத்தால் மண்டபத்துக்குள் மட்டும்.

நான் வரவேற்புரை வாசிக்க வந்திருந்தேன். கூட்டம் தொடங்குவதற்குள் ஜெனரேட்டர் தகராறு செய்தது. “நீ இங்கியே குந்திக்கினு வால்யூம் மட்டும் பாத்துக்க, ஜல்தியா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் பின்பக்கம் ஓடினார். நான் பெருமையாக ஸ்விட்ச்சைப் போட்டு, “இன்று மாலை நான்கு மணிக்கு மாபெரும் பொதுக்கூட்டம்” என்று பஸ் ஸ்டாண்டுக்கு அறிவித்தேன். பிறகு மேடையிலிருந்து சைகை வந்தது. வரவேற்புரையை வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்விட்ச்சை அணைக்க மறந்துவிட்டேன்.

அவர் பேசத் தொடங்கினார். நல்ல பேச்சு. மேடைப் பேச்சு மாதிரி இல்லை; சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல.

“ஒங்க சொத்து வரிய பாதியாக்கறோம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குப் பத்து வருஷம் வரியே கிடையாது. அப்போ கஜானாவுக்கு எங்கேர்ந்து வரும்னு கேக்கறாங்க. நாலு பேருகிட்ட பெருசா வாங்கினாத்தான் நாலு பேரும் கத்துவீங்க. நாப்பதாயிரம் பேருகிட்ட கொஞ்சங் கொஞ்சமா வாங்கினா யாருக்கும் வலிக்காது.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய அடுத்த நொடி, அதே சிரிப்பு ஜன்னலுக்கு வெளியே, கொஞ்சம் தகரச் சத்தமாக, இன்னொரு முறை கேட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் விரல் ஸ்விட்ச் மேலே போனது. போய், அங்கேயே இருந்தது. பயத்தில் கை உறைந்துவிட்டது என்று பல வருஷம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். உண்மையாகவே உறைந்ததா, நானாக வைத்திருந்தேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அவர் இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் பேசினார். விற்பனை வரி பற்றியும் சொன்னார். எல்லாம் வெளியே போனது. ஏகாம்பரண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து ஸ்விட்ச்சை அடித்து அணைத்தபோது வெளியே பஸ் ஹாரன்கூடக் கேட்கவில்லை.

பிறகு மண்டபத்துக் கேட்டில் சத்தம். முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். பழவண்டிக்காரர்கள், பூக்காரிகள், ஒரு கண்டக்டர், பையைத் தோளில் மாட்டிய ஒரு வாத்தியார். முன்னால் பச்சையம்மா, இடுப்பில் கூடையோடு. கட்சிக்காரர்கள் தடுத்தார்கள். வேட்பாளர் கெட்டிக்காரர். “உள்ள விடுங்கப்பா, நம்ம ஜனங்கதானே” என்றார்.

யாருக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பச்சையம்மாதான் பேசினாள்.

“ஐயா, கொஞ்சங் கொஞ்சமா வாங்கினா வலிக்காதுன்னீங்க. எனக்கு வலிக்குதுங்க.”

கூடையை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

“ஒரு படி மல்லாட்டை விக்காத நாளுலயும் சீட்டு கிழிக்கறாங்க. தீப்பெட்டி வாங்கினாலும் அதுல வரி இருக்குதுன்னு வாத்தியாரு சொல்றாரு. இவங்களுக்குப் பாதின்னா, மீதிப் பாதி எங்க தலையிலயாங்க?”

“அப்படி இல்லம்மா” என்றார் அவர், மிக அன்பாக. “இவங்க நல்லாருந்தாத்தானே மில்லு ஓடும். மில்லு ஓடினாத்தானே ஒங்க புள்ளைங்களுக்கு வேலை.”

“எங்கக்கா மவன் மில்லுலதாங்க இருந்தான். மிசினு வாங்கினதும் அனுப்சிட்டாங்க.”

அவர் பக்கத்திலிருந்தவரிடம், “பேர எழுதிக்கப்பா” என்றார். அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவள் கையைப் பிடித்தபடி அவர் நிற்க, ஒருவர் போட்டோ எடுத்தார். அது மறுநாள் பேப்பரில் வந்தது, மக்கள் குறை கேட்டார் என்று.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நாலு மணிக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. கூட்டம் இல்லாமல் இல்லை, ஏகப்பட்ட கூட்டம். எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடை ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. பிரியாணிப் பொட்டலத்தோடு வந்த கட்சிக்காரர்களைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். அவர் வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேசினார். பாதியில் தண்ணீர் கேட்டார். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர் போன பிறகும் அவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

என்ன நடந்தது என்றால், அவர் ஜெயித்தார். திண்டிவனம் மட்டுமா தொகுதி? வாக்கு வித்தியாசம் குறைந்தது என்றார்கள். சொன்னபடி பெரியவர்களுக்கு வரியைக் குறைத்தார்கள். அந்த விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. ஏகாம்பரண்ணனின் ஆம்ப்ளிஃபயரை யாரோ கடைக்குள் வந்து போட்டு உடைத்தார்கள். அவர் என்னைத் திட்டவேயில்லை. “பேஜாரு புடிச்ச ஸ்விட்ச்சு” என்றார், அதோடு சரி. எனக்கு வேலை போகவில்லை. என் குரல் அவருக்குத் தேவைப்பட்டது.

பச்சையம்மாவுக்குத்தான் இடம் போனது. அடிக்காசு ஏறியது; அவள் ஏறிய காசைக் கொடுக்கத் தயாராக இருந்தும், “ஒனக்கு சீட்டு இல்ல” என்றுவிட்டான் குத்தகைக்காரனின் ஆள். எழுதிக்கொண்ட பெயர் அதற்குத்தான் பயன்பட்டதோ என்னவோ. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேம்பாலம் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே பஸ் நிற்காது. நான் ஒருநாள் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாசகம் தயார் செய்துகொண்டு போனேன். வாசிப்பதுதானே என் தொழில்.

“ஏன் முழிச்சிக்கினு நிக்கற, குந்து” என்றாள். ஒரு கை மல்லாட்டையைப் பேப்பரில் கட்டிக் கொடுத்தாள்.

“என்னாலதானே...” என்றேன்.

“நான் போயி கேட்டேன். அவரு எழுதிக்கினாரு. நீ இன்னா பண்ண?” என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போன லாரியைப் பார்த்தபடி சொன்னாள்.

அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். தொழில் வளர்ச்சிக்கு வரிச்சலுகை என்று மூன்றாவது வரியில் இருந்தது. வாசித்தேன். துக்கச் செய்திக்கு இறக்குவதுபோல அந்த வரியில் மட்டும் குரலை இறக்கிப் பார்த்தேன். ஏகாம்பரண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “தூக்கிப் படி” என்று கையை உயர்த்தினார். தூக்கிப் படித்தேன். அந்த ஆட்டோ மேம்பாலம் வழியாகத்தான் போனது. இரண்டு நாள் கழித்துப் பச்சையம்மாவைப் பார்த்தபோது, “கேட்டேன். இப்போ தொண்டை தேவலை” என்றாள்.

அதற்கப்புறம் நான் கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்துவிட்டேன். ஏகாம்பரண்ணன் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டக் கூடாது என்றார்கள். பச்சையம்மா பெரிய மகளோடு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே தவறிவிட்டதாகவும் ஒருவர் சொன்னார். நான் போய் விசாரிக்கவில்லை.

இந்தக் கோடையில் விழுப்புரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். எங்கள் மகளிர் குழுவிலிருந்து அழைத்துப் போனார்கள், போகாவிட்டால் கேட்பார்கள். திறந்த மைதானம், பத்தாயிரம் நாற்காலி இருக்கும். பேசியவர் சின்ன வயசுக்காரர். பெரிய முதலீட்டாளர்களுக்கு வரியைக் குறைப்பேன் என்றார். அன்று மண்டபத்தில் அந்த வேட்பாளர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன அதே விஷயம். இவர் எங்கள் முகத்தைப் பார்த்து, மைக்கில், பெரிய திரையில் தெரியும்படி சொன்னார். சாத்துவதற்குக் கதவே இல்லை. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

நான் சுற்றிலும் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்த்தேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. என் பக்கத்தில் இருந்த அம்மா நோட்டீஸால் விசிறிக்கொண்டே, “இன்னாவாம்?” என்றாள். “வரியாம்” என்றேன். “ஓ” என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து விசிறினாள். முன்வரிசையில் கை தட்டினார்கள். எங்கள் வரிசைக்கும் அது வந்து சேர்ந்தது. நானும் இரண்டு தட்டு தட்டினேன்.