பிள்ளையாருக்குப் பின்னால் நின்ற காற்று

மொழிபெயர்ப்பாளனுக்கு வரக்கூடிய நோய்களில் மிக மோசமானது, தான் மொழிபெயர்த்ததைத் தானே நம்பிவிடுவது. எனக்கு அது ஐம்பது தாண்டிய பிறகு வந்தது. அதற்கு முன் காப்புறுதி நிபந்தனைகள், மருந்துக் குறிப்புகள், குப்பையைத் தரம் பிரிப்பதற்கான அறிவுறுத்தல்கள் என்று எத்தனையோ பக்கங்களைத் தமிழாக்கியிருக்கிறேன். ஒன்றையும் நம்பியதில்லை. எங்கள் வீட்டுக் குப்பை அன்றும் இன்றும் ஒரே பையில்தான் போகிறது.

ஆனால் 'சக்தி வினைத்திறன்மிக்க புதிய வதிவிடக் கட்டடங்களுக்கான நியமங்கள்' என் மேசைக்கு வந்தபோது நான் வழுக்கி விழுந்தேன். பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாலே கொஞ்சம் சக்தி செலவாகிவிடும். உள்ளே இருந்ததோ கவிதை. சுவர் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், கூரை எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும், யன்னலுக்கு மேல் நிழற்தட்டு எவ்வளவு நீள வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. வீட்டின் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வைத்து, ஒரு பக்கத்தால் நுழையும் காற்றை மறுபக்கத்தால் வெளியேற விடும் ஏற்பாட்டுக்கு 'குறுக்குக் காற்றோட்டம்' என்று பெயர் வைப்பதற்காக ஒரு பின்னேரம் முழுவதும் என்னோடு நானே சண்டை பிடித்தேன். சொல் கிடைத்ததும் அந்தக் காற்றே என் முகத்தில் பட்டதுபோல் இருந்தது. உண்மையில் பட்டது மேசை ஃபானின் காற்று.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், அஸ்பெஸ்டஸ் சீற் கூரை போட்ட வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பகலில் கூரை குடித்த வெயிலை இரவில் எங்கள் மேல் கக்கும். எனக்கு அது பழகிவிட்டது. மனைவிக்கோ உடம்புக்குள்ளிருந்தே சூடு கிளம்புகிற வயது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து வியர்வை ஊற்றும். இரண்டு மூன்று வருடத்துக்கு இப்படித்தான் இருக்கும், நித்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளை விட்டு முதலில் போனது நித்திரைதான்.

வெள்ளவத்தையில், கடலுக்குப் போகிற ஒரு குறுக்குத் தெருவில், அந்த நியமங்களின்படியே கட்டிய தொடர்மாடி ஒன்றில் வீடு இருக்கிறதென்று கேள்விப்பட்டதும் நான் அவளிடம் போய், விளம்பரக்காரர்கள்கூட வெட்கப்படும் தொனியில் கதைத்தேன்.

"இஞ்சேரும், அங்க ஏசி தேவையில்லை. கட்டடமே ஏசி."

"ஆர் சொன்னது?"

"நியமத்தில கிடக்கு."

"நியமத்தை எழுதினது ஆர்?"

"தமிழில நான்தான்."

"சரி, வாறன். ஆனா அங்கையும் எனக்கு நித்திரை வராட்டி, ஏசி பூட்டவேணும். பிறகு கதை சொல்லக் கூடாது."

"அடுத்த நாளே பூட்டலாம்" என்றேன். நம்பிக்கை உள்ளவன் கொடுக்கிற வாக்குறுதிக்கு எல்லையே இல்லை.

புது வீட்டுக் குடிபூரல் அன்று பால் காய்ச்சினோம். மனைவியின் அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து பெரிய சட்டம் போட்ட பிள்ளையார் படமும் குத்துவிளக்குமாக வந்திறங்கினார். விளக்கை ஹோலின் நடுவில் வைத்து ஏற்றினார். அது நூர்ந்தது. திரும்ப ஏற்றினார். திரும்ப நூர்ந்தது. மூன்றாவது தரமும் அது அணைந்தபோது பால் பொங்குவதையே எல்லாரும் மறந்துபோனார்கள்.

"விளக்கு நிக்குதில்லையே" என்றார் அக்கா. மெல்லத்தான் சொன்னார், ஆனால் மேல் மாடிக்கும் கேட்கும் மெல்லம் அது. "இந்த வீட்டில ஏதோ கிடக்கு."

நான் பகுத்தறிவுள்ளவன். வீட்டில் என்ன கிடக்கிறதென்று தேடினேன். வாசற்கதவுக்கு மேலே, சுவரில், பலகைச் சட்டங்கள் வைத்த நீளமான திறப்பு ஒன்று இருந்தது. காற்று கடற்பக்க யன்னலால் வந்து, விளக்கைத் தடவி, அதற்கூடாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. உடனே ஸ்டூலில் ஏறி, புது காஸ் குக்கர் வந்த பெட்டியின் மட்டையைக் கிழித்து அந்தத் திறப்பில் இறுக்கி அடைத்தேன். பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதற்கு முன்னால் பிள்ளையாரை மாட்டினேன். வாசலுக்கு மேல் பிள்ளையார் இருப்பது முறையும்தானே. விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. அக்கா என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, "கெட்டிக்காரன்" என்றார்.

குறுக்குக் காற்றோட்டம் என்ற சொல்லை ஒரு பின்னேரம் முழுவதும் பெற்றுப் பெயர் வைத்தவன், அந்தச் சொல் தன் வீட்டு வாசலுக்கு மேல் ஓட்டையாக நிற்பதை அடையாளம் காணவில்லை. சொல்லோடுதான் எனக்குப் பழக்கம். பொருளை நேரில் சந்தித்ததில்லை.

குடிவந்து கொஞ்ச நாளில் ஒரு பெண் பொறியியலாளர் வந்தார். கண்டிப் பக்கத்துப் பிள்ளை. இந்த நியமங்களால் உண்மையில் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகிறது என்று மதிப்பிடுவது அவருடைய வேலை. எங்கள் கட்டடத்தில் சில வீடுகளிலும், தெருவுக்கு அந்தப் பக்கம் பழைய முறையில் கட்டிய மாடியில் சில வீடுகளிலும் தீப்பெட்டி அளவில் வெப்பமானிகளை ஒட்டி, மின்சாரத்தையும் ஒரு வருடம் அளக்கப் போவதாகச் சொன்னார்.

"மிச்சம் பிடிச்சதைப் பார்க்க முடியாது அங்கிள். இந்த வீட்டை வேற மாதிரிக் கட்டியிருந்தா எவ்வளவு எரிஞ்சிருக்கும்னு கண்டுபிடிச்சு, அதிலிருந்து எரிஞ்சதைக் கழிக்கணும்."

எரியாத மின்சாரத்தை அளப்பது. இத்தனை வருட இல்லறத்தில் மனைவி என்னிடம் சொல்லாமல் விட்டவற்றை எண்ணுவதுபோல் என்று எனக்குப் பட்டது. அவர் என்னை அங்கிள் என்றதைக்கூட மன்னித்து, எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆய்வு முடியும்வரை ஏசி போன்றவை வாங்கினால் அறிவிக்க வேண்டும் என்று மட்டும்தான் அவர் கேட்டார். வாங்கவே கூடாது என்று நானாக மொழிபெயர்த்துக்கொண்டேன்.

வீடு அவிந்தது. கடல் கண்ணுக்கு முன்னால் இருந்தது. காற்று யன்னல் வரை வந்து, உள்ளே வர மனமில்லாத விருந்தாளிபோல அங்கேயே நின்றது. ஹோலில் ஒரு ஃபான், படுக்கையறையில் ஒரு ஃபான், பிறகு மனைவியின் கட்டிலடியில் இன்னொரு ஃபான் என்று மூன்றும் ஓயாமல் சுற்றின. அவள் நனைத்த துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பல்கனியில் இருப்பாள். கண்ணுக்குக் கீழே கருமை ஏறியது. ஒருநாள் தேத்தண்ணீருக்கு உப்புப் போட்டாள். நான் குடித்து முடித்தேன். கேட்டால் ஏசியில் போய் முடியும் என்ற பயம்.

"இஞ்சேருங்கோ, அடுத்த நாளே எண்டு சொன்னனீங்கள்."

"கொஞ்சம் பொறும். ஆய்வு நடக்குது. நடுவில குழப்பினா எல்லாம் வீண்."

"ஆரின்ர ஆய்வு? ஆரின்ர நித்திரை?"

நான் குற்றவாளிகளைத் தேட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மீன் பொரியல், ஏப்ரல் மாதம், ரயில் கிளப்பும் புழுதி எல்லாவற்றையும் விசாரித்தேன். கடைசியில் விருந்தாளிகளில் வந்து நின்றேன். வெள்ளவத்தையில் வீடு இருப்பவனுக்கு யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் பெருகுவார்கள். வீசா நேர்முகம், கண் சத்திரசிகிச்சை, விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போவது, எல்லாவற்றுக்கும் எங்கள் ஹோல்தான் தங்குமிடம். வீசாவுக்கு வந்த மனைவியின் அண்ணர் ஒரே சேர்ட்டை இரண்டாம் தரம் அயன் பண்ணியபோது நான் போய் பிளக்கைக் கழற்றினேன்.

"மச்சான், இது வீடோ, லபோரட்டரியோ?"

"முதல் தரமே மடிப்பு நல்லா விழுந்திட்டுது."

"வெள்ளைக்காரன் மடிப்பைப் பாத்துத்தான் வீசா குடுக்கிறவன். போடும் பிளக்கை."

போட்டேன். அடுத்த நாள் அவருக்கு வீசா மறுக்கப்பட்டது. மடிப்பால் அல்லவென்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை, அவருக்கும் இல்லை.

பிறகுதான் நான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டேன். பொறியியலாளருக்கு ஃபோன் எடுத்து, குரலை மரியாதையாக வைத்துக்கொண்டு, "பிள்ளை, வீட்டில ஒருவருக்கு உடம்பில இருந்தே சூடு வருகுதெண்டால், அதைக் கணக்கில கழிப்பீங்களோ?" என்றேன்.

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி வெளியே வந்தாள்.

"ஆர் அந்த ஒருவர்?"

"பொதுவாக் கேட்டனான்."

"பொதுவா இந்த வீட்டில ரெண்டு பேர்தான். நான் உங்கட மனுசியோ, இல்லாட்டி அடுப்போ?"

கேட்ட கையோடு அவள் பையை அடுக்கிவிட்டாள். "அக்கா வீட்டில ஏசி கிடக்கு. ஆய்வு முடிய அறிவியுங்கோ, வாறன்."

முச்சக்கரவண்டி போவதைப் பார்த்தபடி கீழே நின்றேன். கேற்றில் இருந்த காவலாளி, "நோனா கியாத, மாத்தயா?" என்று கேட்டார். போய்விட்டாள் என்று ஒப்புக்கொண்டேன். ஏன் என்றார். என் சிங்களத்தில் அதற்கு ஒரு விளக்கம்தான் இருந்தது. "ஏசி நிஸா." ஏசியால். அவர் மிகவும் ஆழமாகத் தலையாட்டினார். அவருடைய நோனாவும் எப்போதாவது போயிருக்க வேண்டும்.

நான் தனியே இருந்தபோதும் வீடு அப்படியே அவிந்தது. அதாவது, சூடு அவளிடமிருந்து வரவில்லை. இதை நிரூபிக்க என் மனைவியைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த கிழமை பொறியியலாளர் தானாகவே வந்தார். இந்தக் கட்டடத்து மற்ற வீடுகளெல்லாம் சொன்னபடி நடக்கின்றன, உங்கள் வீட்டு அளவுகள் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பழைய மாடி மாதிரியே இருக்கின்றன என்றார்.

"அங்கிள், ஊதுபத்தி இருக்குங்களா?"

கும்பிடப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் ஃபானை நிறுத்திவிட்டு, அதைக் கொளுத்தி ஹோலின் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். புகை நேராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து மேலே போனது.

"மற்ற வீடுகள்ல இது வாசல் பக்கம் சாயும்" என்றார். வாசலைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு மேலே பார்த்தார். "அங்க என்ன இருக்கு?"

"பிள்ளையார்."

"பிள்ளையார் முன்னால இருக்காரு. பின்னால?"

குடிபூரல் அன்று ஏறிய அதே ஸ்டூலில் ஏறினேன். படத்தைக் கழற்றினேன். காஸ் குக்கர் பெட்டியின் மட்டை, 'இப்பக்கம் மேல்' என்ற எழுத்துத் தலைகீழாகத் தெரிய, என்னை எதிர்கொண்டது. அதை இழுத்ததும், கடற்பக்கத்து யன்னலுக்கு வெளியே ஒரு வருடத்தின் பாதியைக் காத்திருந்த காற்று முழுவதும் ஒரேயடியாக உள்ளே வந்து, மேசையில் இருந்த என் காகிதங்களைக் கலைத்து, கலண்டரைத் திருப்பி, என் சேர்ட்டுக்குள் புகுந்து, தலைக்கு மேலால் வெளியே போனது. பொறியியலாளரின் கையில் புகை படுத்துவிட்டது.

"குறுக்குக் காற்றோட்டம்" என்றேன், ஸ்டூலில் நின்றபடி. அறிமுகம் செய்துவைப்பதுபோல.

"ஆமாங்க அங்கிள்" என்றார் அவர். சிரிக்கவில்லை, அதற்கு அவர் பட்ட பாடு தெரிந்தது. என் வீட்டை ஆய்விலிருந்து தூக்கிவிடுவீர்களா என்று கேட்டேன். மாட்டாராம். திறப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று காட்ட யாரும் வேண்டுமென்று வீட்டை அடைத்துத் தரமாட்டார்கள், நீங்கள் தந்திருக்கிறீர்கள் என்றார். அறிவியலுக்கு என் பங்களிப்பு அதுதான்: ஒரு மட்டை.

கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் எடுத்தேன்.

"கண்டுபிடிச்சாச்சு."

"என்னத்தை?"

"சூடு எங்க இருந்து வந்ததெண்டு."

"ஆரில இருந்து?"

"என்னில இருந்து" என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். மறுமுனையில் அவள் சிரிக்கத் தொடங்கினாள், பின்னால் அக்கா, "என்னடி, என்ன?" என்று கேட்பதும் வந்தது. "வந்து பாக்கிறன்" என்றாள். "சரிவராட்டி ஏசி. இந்தமுறை நான்தான் அளப்பன்."

அக்காவும் கூடவே வந்தார், மேற்பார்வைக்கு. வந்ததும் குத்துவிளக்கை ஏற்றினார். அது நூர்ந்தது. "பாத்தியே!" என்றார்.

மனைவி வாசலுக்கும் யன்னலுக்கும் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கழுத்திலிருந்த துவாயை எடுத்துக் கதிரையில் போட்டாள்.

"நூந்தா நூரட்டும் அக்கா. விளக்கை அந்த மூலைக்குள்ள கொண்டுபோய் வையும். பிள்ளையாருக்கும் இவ்வளவு நாளும் முதுகில புழுக்கமாத்தான் இருந்திருக்கும்."

பிள்ளையார் பக்கச் சுவருக்கு இடம் மாறினார். கட்டிலடி ஃபான் பெட்டிக்குள் போனது. அவளுடைய தீர்ப்பை மட்டும் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை, கேள்வி கேட்டுத்தான் ஒருமுறை கெட்டிருக்கிறேன்.

சில நாட்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், ஃபோன் அடித்தது. பொறியியலாளர். வீட்டில் இருப்பவர்களின் சௌகரியம் பற்றி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறதாம்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம். இதில் எது?

நான் ஹோலுக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவி கதிரையில் சாய்ந்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மடியில் இருந்த சஞ்சிகையின் பக்கங்களைக் காற்று தானே புரட்டிக்கொண்டிருந்தது. கடற்கரை ரயில் தடதடத்துப் போனது. அவள் அசையவில்லை.

"அங்கிள், ஏன் ரகசியமாப் பேசுறீங்க?"

"அவ நித்திரை" என்றேன்.

"அப்ப நான் அதையே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவரும் மெதுவாக ஃபோனை வைத்தார்.