ஊறவிட்ட பத்து நிமிடம்

மகளுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, இருக்கிறது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து என் கண்ணில் தூசி மட்டுமே பட்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது. ஓடி விளையாடிவிட்டு வந்தால் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். “வீட்டில தூசி சேராமப் பாத்துக்கொள்ளுங்க” என்று சொல்லி, மூச்சோடு உறிஞ்சுகிற மருந்தொன்றை எழுதித் தந்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதைத் தீர்ப்பு மாதிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில். காலையில் கூட்டிய தரை பகலுக்குள் காலில் நறநறக்கும். கச்சான் காற்று தொடங்கினால் மேற்கே வயல்பக்கத்துப் புழுதியும் வந்து சேரும். எனக்குக் கல்முனையில் ஒரு அலுவலகத்தில் வேலை. கணவர் நிந்தவூரில் ஆசிரியர். விடியச் சுபஹு தொழுத கையோடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தால், பஸ்ஸுக்கு ஓடும்வரை கீழே வைக்க மாட்டேன். பின்னேரம் வந்ததும் திரும்ப எடுப்பேன். அப்படியும் வேலை முடியாது.

வீட்டை விரைவாகத் துப்புரவாக்குவது எப்படி என்று ஃபோனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். மேலிருந்து கீழே வா, கதவிலிருந்து ஒரே பக்கமாகச் சுற்று, சாமான் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போ, கழுவுகிற மருந்தை முதலில் ஊற்றி ஊறவிட்டு அந்த நேரத்தில் இன்னொரு வேலையைப் பார். எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். இரண்டு மணித்தியால வேலை ஒரு மணித்தியாலத்துக்கு வந்தது. ஆனால் மிச்சம் பிடித்த நேரத்தில் நான் ஒரு நாளும் உட்காரவில்லை. ஃபேன் தட்டுகளைத் துடைத்தேன். அல்மாரிக்குப் பின்னால் கை விட்டேன். துடைத்த இடத்தை வெள்ளைத் துணியால் இன்னொரு தரம் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“கொஞ்சம் இரி புள்ள. நீ ஒரு இடத்தில இருந்து நான் காணல்ல” என்பார் கணவர்.

“நான் இருந்தா ஆர் செய்யிற?” என்பேன்.

அடுத்த வீட்டுக்காரி அபாயா தைப்பவர். அவருடைய ஹோல் முழுக்கத் துணிக் குவியலும் நூல் கழிவும்தான். பற்றாததுக்கு இரண்டு பூனைகள். மகள் அங்கே போகத் துடிப்பாள். வீட்டுப்பாடம், ஓதல் என்று ஏதாவது சாட்டுச் சொல்லி நான் மறித்துவிடுவேன். அந்த மனிசிக்கு விளங்கியிருக்கும். ஒரு நாளும் அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. கணவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் வருவதற்குள் குளியலறையை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கொமட்டுக்குள்ளும் அதைச் சுற்றியும் பாத்ரூம் அசிட்டை ஊற்றினேன். சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதற்குக் குளோரினை ஊற்றினேன். இரண்டும் தரையில் ஓடி ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்தால் இரண்டு மடங்கு வேலை செய்யும், தேய்க்கிற நேரம் மிச்சம் என்றுதான் எண்ணினேன். தொண்டை சுரீரென்றது. மருந்து நல்ல சக்தியானதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணல் வருமென்று ஜன்னலை முதலே சாத்தியிருந்தேன். கதவையும் சாத்திவிட்டு, பத்து நிமிடம் ஊறட்டும் என்று பின்னறைக்குப் படுக்கை விரிப்பு மாற்றப் போனேன்.

இரண்டாவது தலையணைக்கு உறை போடும்போது இருமல் கேட்டது. அது எனக்குத் தெரிந்த இருமல் இல்லை. விடாமல், இடையில் மூச்சு எடுக்க நேரமில்லாமல் வந்தது.

சிறுநீர் கழிக்கக் குளியலறைக்குள் போன மகள், குழாயடியில் குந்தி, சட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததுமே நெடி என் கண்ணையும் மூக்கையும் எரித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைத் தூக்கி முற்றத்துக்கு ஓடினேன்.

“உம்மா, நெஞ்சு எரியிது” என்றாள். அதற்குமேல் கதைக்க அவளால் முடியவில்லை.

உறிஞ்சுகிற மருந்தை இரண்டு தரம் கொடுத்தேன். விசில் நிற்கவில்லை. விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டது. கணவருக்கு எடுத்தேன். ஃபோன் நிறுத்தியிருந்தது. ரோட்டுக்கு ஓடினேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு ஆண் இல்லை. கடைகளெல்லாம் பூட்டு. பள்ளியடியில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் ஓட்டுநர் இல்லை. பள்ளிக்குள் ஓடிப்போய்க் கத்தலாமா என்று யோசித்தபடி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன்.

“என்னகா, என்ன நடந்த?”

அடுத்த வீட்டுக்காரி தன் வீட்டுக் கேட்டடியில் நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“புள்ளைக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி.”

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். “ஏறுங்க. புள்ளய நடுவில வெச்சி இறுக்கிப் பிடிங்க.”

ஆஸ்பத்திரிவரை அவளுடைய ஒவ்வொரு மூச்சையும் என் உள்ளங்கையால் எண்ணினேன். ஓதத் தெரிந்ததெல்லாம் பாதியில் அறுந்தது.

“என்னத்தால வந்த?” என்று தாதி கேட்டார். வெட்கக்கேடான விசயம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். “தூசியாக்கும்” என்றேன் நான்.

அடுத்த வீட்டுக்காரி என் கையைப் பிடித்தார். “உங்கட உடுப்பெல்லாம் அசிட் மணக்குது. என்னத்த ஊத்தின எண்டு செல்லுங்ககா. அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே மருந்து.”

சொன்னேன். உடனே ஒட்சிசன் வைத்தார்கள். முகமூடியால் மருந்துப் புகை கொடுத்தார்கள். மகளின் தோள்கள் ஏறி இறங்குவது குறையும்வரை என்னால் உட்கார முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் விஷ வாயு வரும் என்று அங்கே இருந்த பெண் டொக்டர் சொன்னார். பிறகு, “ஒரு நாளைக்கு எத்தின தரம் துப்புரவு செய்றீங்க?” என்று கேட்டார்.

நான் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினேன், அவர் முடிக்க விடவில்லை.

“புள்ள வீட்டில இருக்கக்குள்ள கூட்ட வேணாம், தூசி எழும்பும். ஈரத்துணியால துடைச்சாப் போதும். படுக்கை விரிப்பக் கிழமைக்கு ஒருக்கா சுடுதண்ணில கழுவுங்க. தூசி பிடிக்கிற சாமானக் கொறைங்க. இதுக்கு மேல ஒண்டும் தேவையில்ல.”

தொழுகை முடிந்து செய்தி கேட்டதும் கணவர் தொப்பியோடே ஓடி வந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பகல் அவளை வீட்டுக்கு விட்டார்கள். வீட்டில் அவர் குளிர்சாதனப் பெட்டியில் நான் ஒட்டியிருந்த கடதாசியை மேலிருந்து கீழே வாசித்தார்.

“இதில என்ட பேர் ஒரு இடத்திலயும் இல்லயே” என்றார்.

“நீங்க கேக்கல்லயே.”

“ஓம், கேக்கல்லதான். பாத்ரூம இனி எனக்குத் தா.”

கார்ப்பெட்டையும் தடித்த திரைச்சீலைகளையும் அகற்றினோம். ஷோகேஸில் இருந்த துணிப்பூக்களைக் கொட்டினேன். துடைக்க வேண்டிய பொருள் பாதியாகக் குறைந்ததும் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. எந்த வீடியோவும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. கணவர் குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்து, சவர்க்காரத் தூளும் பிரஷும் போட்டுத் தேய்க்கிறார். மூலையில் ஒரு மஞ்சள் கோடு எப்போதும் மிஞ்சும். அதைப் பார்க்கும்போது என் கை துடிக்கிறது. சில நாள் பொறுத்துக்கொள்கிறேன், சில நாள் அவர் போனபின் தேய்த்துவிடுகிறேன். மகள் கிழமைக்கு இரண்டு நாள் அடுத்த வீட்டுக்குப் போகிறாள். வந்ததும் உடுப்பு மாற்றச் சொல்கிறேன். மருந்தை ஒழுங்காக எடுப்பதால் விசில் குறைந்திருக்கிறது. அவள் சிரித்துப் புரைக்கேறினாலும் நான் மருந்தை எடுக்க ஓடுகிறேன்.

போன மாதம் அலுவலகத்தில் பகல் சாப்பாட்டுக்கு இருந்தபோது, கூட வேலை செய்யும் பெண் ஒருவர் நோன்புக்கு முந்திய துப்புரவு பற்றிக் கதைத்தார். “நான் அசிட்டயும் குளோரினயும் கலந்துதான் ஊத்துற. சுறுக்கா முடியும்” என்றார்.

சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன். நடந்ததை முதல் தடவையாக வெளி ஆட்களிடம் சொன்னேன், நான் தாதியிடம் சொன்ன பொய் உட்பட. அவர் முகம் மாறியது.

“இண்டைக்குத் தங்கச்சி வீடு கழுவுறா” என்று சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்தார். மறுபக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாவது தரமோ ஒன்பதாவது தரமோ, “ஹலோ ராத்தா” என்று தங்கையின் குரல் வந்த பிறகுதான் எங்கள் மேசையில் எல்லோரும் மூச்சு விட்டோம்.