கொழும்புக்குப் போகாத தண்ணீர்

ஆண்டியப்பனைப் புகழ்ந்து சொல்ல அவர் மனைவி நாகலெட்சுமியிடம் அதிகம் இருக்கவில்லை. நீண்ட காலம் ஒரே கூரைக்கடியில் இருந்தவள் என்பதால் அவளுக்கு அளவு தெரியும். குடிப்பார், விழமாட்டார். கோபப்படுவார், மறுநாள் மறந்துவிடுவார். மறந்ததை மன்னித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். ஓய்வு பெற்றபின் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பயிர் போட்டார். மாசி மாதத்தில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரியில் போய் முடிந்தார். இவ்வளவுதான் என்று நிறுத்திவிடலாம், கொழும்பு என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்.

இளவட்டமாக இருந்தபோது அவர் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். அங்கே யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. “ஏய், தோட்டக்காட்டான்!” என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கோபம் வந்ததாம். பிறகு பழகிவிட்டதாம். ஒரு நாள் தெருவில் யாரோ யாரையோ அப்படிக் கூப்பிட, இவர் திரும்பிப் பார்த்தார். அன்று மாலையே மூட்டையைக் கட்டிவிட்டார்.

அதன் பிறகு அவர் கொழும்பை மிதிக்கவில்லை. கண்ணில் புரை விழுந்தபோதும் கண்டிக்குத்தான் போனார். கொழும்பில் கிரிக்கெட் நடந்தால் டிவியை அணைத்துவிட்டு ரேடியோவில் கேட்பார். ஸ்கோர் ஒன்றுதானே என்பார். லயத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நாகலெட்சுமியும் சிரித்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்னதும் அதைப் பற்றித்தான். “சாம்பலை எங்க வேணும்னாலும் கரைங்க. கொழும்புப் பக்கம் மட்டும் விட்றாத லெச்சுமி.”

“சரிங்க, விடல” என்றாள் அவள்.

அவர் உயிரோடு இருந்தபோது அவள் அவருக்குக் கொடுத்த வாக்குகளில் பாதியைக்கூடக் காப்பாற்றியதில்லை. அவரும் அப்படித்தான். உயிரோடு இருப்பவரிடம் கொடுத்த வாக்கைப் பேசித் திருத்திக்கொள்ளலாம், சண்டை போட்டு உடைக்கலாம், பிறகு சமாதானமாகலாம். செத்தவரோடு அந்த வசதி இல்லை. சொன்னது சொன்னதுதான்.

ஆண்டியப்பனுக்கு மகன் இல்லை. தம்பி வீரய்யாதான் கொள்ளி வைத்தார். மூன்றாம் நாள் பால் தெளித்து, சாம்பலை ஒரு கலயத்தில் அள்ளி, அதன் வாயைத் துணியால் கட்டினார். கலயத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் லயத்துக்குப் பின்னால் பேரிக்காய் மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். வழக்கமாக லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில்தான் கரைப்பார்கள்.

“அங்க வேணாம் மதினி” என்றார் வீரய்யா. “அது காசல்ரீ டேமுக்குப் போயி, அப்பிடியே எறங்கி, கடைசியில கொழும்புக்குத்தான் போகுது. கரண்டு வேலைக்குப் போன பயலுக எல்லாம் சொல்லுவானுக.”

“அப்ப எங்க கரைக்கிறது தம்பி?”

வீரய்யா எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொன்னவரில்லை. “நல்லதண்ணிக்குப் போவோம். கொழும்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போற ரோடு அது. மலையோட ரோடே முடிஞ்சு போகுது. அதுக்கு மேல கொழும்புன்னு ஒண்ணு இருக்குன்னே அந்தத் தண்ணிக்குத் தெரியாது. சாமி மலையடிவாரம் வேற.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மகள் தனுஷிகா முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், அவளும் தலையாட்டினாள். விதவை கூடப் போகலாமா என்று பக்கத்துக் காம்பரா வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. “வாக்குக் குடுத்தது நான். நீங்களா குடுத்தீங்க?” என்றாள் நாகலெட்சுமி. முணுமுணுப்பு அடங்கவில்லை, ஆனால் அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

கலயத்தை ஒரு சாப்பிங் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு மூவரும் பஸ் ஏறினார்கள். நோர்வூட், மஸ்கெலியா, பிறகு நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு பாதை. சாமி மலைக்கு யாத்திரைக் காலம் என்பதால் பஸ் நிறைய வெள்ளை உடுப்பு. நல்லதண்ணியில் பொம்மைக் கடையும் தொதல் இனிப்புக் கடையும் தாண்டி, யாத்திரிகர் குளிக்கும் துறைக்கு வெகு கீழே, ஆளில்லாத ஓர் இடமாகப் பார்த்து இறங்கினார்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. வீரய்யா வேட்டியை மடித்துக் கட்டினார், கற்பூரம் ஏற்றினார், கலயத்தின் துணியை அவிழ்த்தார்.

அப்போதுதான் பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கால் நொண்டிக்கொண்டு வந்தாள். மலையேறி இறங்கியவள், வீங்கிய பாதங்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, “அப்பாடா! எங்க ஊருத் தண்ணி, சொகமாத்தான் இருக்கு” என்றாள்.

“எந்த ஊருங்க நீங்க?” என்று கேட்டாள் நாகலெட்சுமி.

“முகத்துவாரம் அக்கா. கொழும்பு. இதுதான் களனி கங்கையா வருது. எங்க வீட்டுக்குப் பின்னாலதான் கடல்ல விழுது. இங்க நீங்க ஒரு பூவைப் போட்டீங்கன்னா எங்க வாசலுக்கு வந்துரும், பாத்துக்கங்க.”

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நாகலெட்சுமி வீரய்யாவின் கையிலிருந்த கலயத்தைப் பிடுங்கி, கோழிக்குஞ்சை அணைப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“மதினி, அந்தம்மா என்னமோ சொல்றாங்க…”

“துணியைக் குடுங்க தம்பி.”

“பூதானே வரும்னு சொன்னாங்க…”

“துணியைக் குடுங்க!”

திரும்பும் பஸ்ஸில் வீரய்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். மஸ்கெலியாவில் சிக்னல் கிடைத்ததும் தனுஷிகா போனில் வரைபடத்தைத் திறந்து, நீலக் கோடுகளை விரலால் பிடித்துக்கொண்டு போனாள். டிக்கோயா ஆறு காசல்ரீக்கு. நல்லதண்ணி ஆறு மவுசாக்கலை டேமுக்கு. இரண்டும் கீழே ஒன்றாகி நேரே கொழும்புக்கு.

“சித்தப்பா, இன்னொரு வேடிக்கை. ரோட்டைப் பாக்காம நேரா பறந்து போனா, நம்ம ஹட்டன் டவுனை விட நல்லதண்ணிதான் கொழும்புக்குக் கிட்ட.”

“போடி! ஹட்டனுக்கு வந்துதானே கொழும்புக்குப் போறோம்?”

“அது பஸ் போற வழி. மலை நடுவுல நிக்கிறதால சுத்துறோம். தண்ணி ஏன் சுத்தணும்?”

வீரய்யாவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. நாம் எல்லோரும் ஊர்களை டிக்கெட்டால்தான் அளக்கிறோம். மாறி மாறி பஸ் ஏறிப் போகிற இடம் தூரம், ஒரே பஸ்ஸில் போகிற இடம் கிட்ட. நிலம் அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருக்கவில்லை.

நாகலெட்சுமிக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “கொழும்புக்குப் போகாத தண்ணி எங்க இருக்கு? அத மட்டும் சொல்லு.”

தனுஷிகா விரலை நகர்த்தினாள், நிறுத்தினாள், திரும்ப நகர்த்தினாள். “அம்மா, ஹட்டன் ஒரு கூரை மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் விழுற மழை கொழும்புக்கு. அந்தப் பக்கம் விழுறது மகாவலி கங்கைக்கு. றொசல்லையில கரைச்சா வட்டவளை, நாவலப்பிட்டி, கண்டி… அப்புறம் அப்பிடியே திரும்பி திருகோணமலைக்குப் போயிருது.”

“திருகோணமலைக்கா?” வீரய்யாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. “அது கிழக்கால இருக்கு! றொசல்ல கொழும்பு ரயில் போற வழியில இருக்கு. கொழும்புக்குப் போகாம இருக்க கொழும்பு ரயில்ல ஏறணுமா? அண்ணன் எழும்பி வந்து அடிப்பாரு!”

“நீங்க காட்டுன வழியில போயிருந்தா இந்நேரம் அடிச்சிருப்பாரு” என்றாள் நாகலெட்சுமி.

கலயம் இன்னும் ஓர் இரவு பேரிக்காய் மரத்தில் தொங்கியது. மறுநாள் ஹட்டன் நிலையத்தில், கொழும்பு கோட்டை என்று ஒலிபெருக்கியில் அறிவித்த ரயில் வந்து நின்றபோது நாகலெட்சுமியின் கால் ஒரு கணம் தயங்கியது. ஆண்டியப்பன் இந்த ரயிலின் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். அவள் பைக்குள் குனிந்து, “கோவிச்சுக்காதீங்க. அடுத்த டேசன்லயே எறங்கிருவோம்” என்று சொல்லிவிட்டு ஏறினாள். எதிரே இருந்த ஒரு சிங்கள நோனா அம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

றொசல்லையில் இறங்கியவர்கள் அவர்கள் மட்டும்தான். தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். ஆறு என்று சொல்லும்படி அது பெரிதாக இல்லை; கற்களுக்கிடையில் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. வீரய்யா தண்ணீரைப் பார்த்தார், ரயில் போன பக்கத்தைப் பார்த்தார்.

“மதினி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ரயில் போன பக்கமாத்தான் இதுவும் போகுது.”

உண்மைதான். தனுஷிகா போனை நீட்டினாள்; நீலக் கோடு கண்டிக்கு அப்பால் வளைந்து திரும்புவதைக் காட்டினாள். நாகலெட்சுமி போனைப் பார்க்கவில்லை. கலயத்தில் இருப்பவர் திரும்பி வரமாட்டார். கொட்டிய சாம்பலையும் திரும்ப அள்ள முடியாது. நேற்று ஒருத்தி வாயால் தப்பியது. இன்று சொல்ல யாரும் இல்லை.

கல்லின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். சற்று முன்னர்தான் அவள் கொழும்பு ரயிலில் வந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் அவள் கொழும்புக்குப் போவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அவள் போகவில்லை, இங்கே இறங்கிவிட்டாள். மனுஷி செய்ததைத் தண்ணீர் செய்யாது என்று எப்படிச் சொல்ல முடியும்? முகம் பார்க்கிற திசை வேறு, போய்ச் சேரும் இடம் வேறு.

“கரைங்க தம்பி” என்றாள்.

“நல்லா யோசிச்சிட்டீங்களா?”

“கரைங்க.”

வீரய்யா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கலயத்தைச் சாய்த்தார். சாம்பல் ஒரு கணம் தயங்கி, ஒரு கல்லைச் சுற்றி வந்து, பிறகு போய்விட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை.

“எத்தன நாள் ஆகும் போய்ச் சேர?” என்று கேட்டார் கரையேறிய வீரய்யா.

“நடுவுல பெரிய பெரிய டேமெல்லாம் இருக்கு சித்தப்பா.”

“அப்ப அண்ணன வெச்சுக் கரண்டு எடுத்துட்டுத்தான் விடுவானுக.”

“எடுக்கட்டும்” என்றாள் நாகலெட்சுமி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இருக்கையில லைட்டு பில்லுக்கு அவ்வளவு சண்ட போட்டவரு.”

தனுஷிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தகப்பன் போனபின் முதல் தடவையாகச் சிரிக்கிறாள், நிறுத்த முடியவில்லை. நாகலெட்சுமி அவளைத் திட்டப் பார்த்தாள், முடியாமல் அவளும் சிரித்தாள்.

“அங்க கடல்கிட்ட என்ன இருக்கு?”

“விழுற எடம் மூதூர் பக்கம்மா. கடலுக்கு அக்கரையில கோணேசர் கோயில்.”

நாகலெட்சுமி கடலைப் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போகாதவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடல் பார்க்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. வேறு பக்கத்திலும் கடல் இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றியதும் இல்லை. அவள் எழுந்து சேலையை உதறினாள்.

“ஆடி அமாவாசைக்கு அங்க போயித் தர்ப்பணம் குடுப்போம். நீங்களும் வரணும் தம்பி.”

“வராம? திருகோணமலைக்கு வழி எனக்கு அத்துப்படி. மொதல்ல நாம…”

“நீங்க வந்தாப் போதும். வழிய அவ பாத்துக்குவா.”