அம்சாக்கா பிடுங்கிவந்த செடி

செவ்வாய்க்கிழமை காலையில் அம்சாக்காவின் மகள் அழைத்தாள். "சார், அம்மா போய்ட்ச்சு. தூங்கிகினு இருந்த மாரியே." மறுநாள் மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம். நம் ஆய்வுக்கூடத்திலிருந்து நான் மட்டும்தான் போயிருந்தேன். அங்கே என்னோடு வேலை செய்த நீங்கள் யாரும் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

செடி பராமரிக்கும் வேலைக்கு வியாசர்பாடியிலிருந்து அவர் வந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். திருவொற்றியூரில் வலை போர்த்திய நம் செடிக்கூடத்தில் வரிசையாக நின்ற நித்தியகல்யாணியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னா சார், சுடுகாட்டு மல்லிக்குப் போயி பூட்டு போட்டு வச்சிகீறீங்க?" அளவு மீறினால் விஷமாகிற ஒரு புற்றுநோய் மருந்து இதன் இலையில் மிகக் கொஞ்சமாக ஊறுகிறது, மரபணுவை மாற்றி நிறைய ஊற வைக்கப் பார்க்கிறோம் என்று விளக்கினேன். அவர் சிரிப்பு நின்றது. "எங்காளுங்க சக்கரைக்கு இந்த எலையத்தான் அரைச்சிக் குடிக்குதுங்க. இது வெளிய போச்சுன்னா எது எதுன்னு எப்டி சார் தெரியும்?" அனுமதிக்காக நாம் எழுதிக் கொடுத்த அத்தனை பக்கங்களிலும் அந்தக் கேள்வி இல்லை.

அன்றிலிருந்து ஒரு மொட்டைக்கூட அவர் மலர விட்டதில்லை. பூத்தால்தானே காய், காய்த்தால்தானே விதை. காலையும் மாலையும் கிள்ளிக்கொண்டே இருப்பார்.

பிறகு அந்தப் பெருமழை. அடுத்த தலைமுறை விதைக்கு அவசரப்பட்டு, நான்கு செடிகளை நான் அவருக்குத் தெரியாமல் ஒதுக்குப்புறமாக வைத்துக் காய்க்க விட்டிருந்தேன். வெள்ளம் வடிந்தபோது அந்தத் தொட்டிகளைக் காணோம். அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. "விதையெல்லாம் அழுகிச் செத்திருக்கும், அக்கா" என்றேன்.

"செத்துருக்கும்னு தெரியுமா? இல்ல, செத்துருந்தா தேவலன்னு நென்ச்சிகினு கீறியா?" அதற்கு முன் அவர் என்னை ஒருமையில் பேசியதே இல்லை.

இரண்டு மாதம், வேலை முடிந்த பிறகு பின்தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கொஞ்ச நாளைக்கு அந்த இலையை வாயில் வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். கேலி பேசினார்கள். முளைத்ததையெல்லாம் கேட்டு வாங்கிப் பிடுங்கிப் பையில் கொண்டுவந்தார். சோதித்ததில் ஒன்று நம்முடையது. சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாள் பெயிண்ட் வாளியில் நட்டு, கஷாயத்துக்காக வளர்த்துக்கொண்டிருந்த செடி. அந்த அம்மாள் இன்னும் இலை பறிக்க ஆரம்பிக்கவில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றே மேலிடத்துக்கு எழுதினேன். தொட்டிகள் வெள்ளத்தில் போயின என்று எழுதினேனே தவிர, காய்க்க விட்டது யார் என்று எழுதவில்லை. ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். உங்களுக்கெல்லாம் வேலை போயிற்று, எனக்கு மட்டும் நிலைத்தது. அம்சாக்கா ஒழுங்காக மொட்டு கிள்ளவில்லை என்று பேசினீர்கள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

"ஏன் அக்கா நீங்களும் சொல்லவில்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "உனுக்கு இன்னும் சர்வீஸ் கீது நைனா. எனுக்கு இன்னா, பேசுறவன் பேசிட்டுப் போவட்டும்."

பிறகு அவரை யாரும் செடி வேலைக்கு எடுக்கவில்லை. பெரம்பூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஐந்து வருடம் இருந்தது. நான் கேட்கவில்லை.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அது என்றைக்கும் என்னுடையதுதான்.