தோளுக்குப் போட்ட உளுந்துப் பத்து

யுத்த காலத்தில் நான் மதுரை–மேலூர் சாலையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய வண்டி அது. ஒரு நாள் காலையில் வண்டியைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது இன்ஜின் திருப்பி அடித்தது. வலது தோள் குழியை விட்டு இறங்கிவிட்டது. கட்டு வைத்தியர் ஏற்றிவிட்டார். ஆனால் அதன் பிறகு அது நிலைகொள்ளவே இல்லை. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் இறங்கும். தூக்கத்தில் புரண்டால் இறங்கும். ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது இறங்கினால் வண்டியில் இருப்பவர்கள் கதி என்ன? பயந்துபோய் நானே முதலாளியிடம் சொன்னேன்.

"சரி பண்ணிட்டு வாங்கண்ணே. வண்டி ஒங்களுக்குத்தான்" என்றார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் தோளைக் கீறி, உள்ளே தளர்ந்து கிடந்த சவ்வை இழுத்துத் தைத்தார்கள். கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். மயக்க மருந்தின் வாடை பல நாள் சோற்றிலும் வந்தது. சட்டையில்லாமல் வார்டில் கிடக்கக் கூசி, துண்டைப் போர்த்திக்கொண்டே கிடந்தேன்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, விரல்களைப் பல்லி போல மேலே ஏற்றச் சொன்னார். மார்பு உயரம்தான் போயிற்று.

"வலிக்கும். ஆனாலும் தினமும் ஏத்தணும். விட்டா இறுகிப்போகும்."

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டேன். மெல்ல மெல்லக் கழுத்து உயரம் வந்தது. அப்போதுதான் என் மனைவியின் அண்ணன் திருவாதவூரிலிருந்து பார்க்க வந்தார்.

"என்ன மாப்ள, கட்டில்லாமத் திரியிறீங்க? கால் ஒடிஞ்ச காளைக்கே எம்புட்டு நாள் கட்டு விடுறோம்!"

"டாக்டர்தான் அவுத்தாரு மச்சான். அசைக்கணும்னாரு."

"அவருக்குக் கட்டிலு காலியாகணும். அசைச்சா மறுபடி எறங்காதா?"

மனைவி சிரித்தாள். பிறகு என்னிடம் வந்து, "சுவத்துல கை ஏத்தும்போது நீங்க பல்லக் கடிக்கிறதப் பாக்க முடியலங்க. கொஞ்ச நாள் கட்டிக்கங்களேன்" என்றாள்.

உளுந்து மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, தோள் முழுவதும் பூசி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினார் மச்சான். வலி நின்றது. மனைவி சோறு பிசைந்து ஊட்டினாள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

பல வாரம் கழித்து அந்தக் கட்டைப் பிரித்தபோது கை கரிக்கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் திட்டவில்லை. அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே எறங்காது" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வண்டியை எடுக்கச் சொன்னார். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ஒத்தக்கடைத் திருப்பத்தில் சக்கரத்தின் மேல்பக்கத்துக்குக் கை எட்டவில்லை. முதலாளி தன் கையை நீட்டித் திருப்பிவிட்டார். திரும்பி வந்து இறங்கியதும் சொன்னார்.

"நாளையிலேருந்து டிக்கெட் குடுக்க வந்துருங்கண்ணே."

வீட்டுக்குப் போனதும் மனைவி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"வேலை இருக்குன்னாரு" என்றேன்.

அவள் தட்டில் சோற்றைப் போட்டு, பழக்கத்தில் பிசையத் தொடங்கினாள். நானே சாப்பிடுகிறேன் என்றேன். உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.