வயிற்றைக் காட்டிய பூனை

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் மேல்மாடிக்காரர் கண்ட பிள்ளைகளின் கன்னத்தை எல்லாம் கிள்ளுவார். தடித்த விரல்கள், முகத்தில் வள்ளல் சிரிப்பு. அன்று மாடிப்படியில் அவருடைய பூனை வயிற்றைக் காட்டிப் புரண்டது.

"தடவு பிள்ளை, அது கேக்குது" என்றார். என் மகள் தொட்டாள். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கீறிவிட்டது.

"வயிறு அதுக்கு உயிர்நிலை, அண்ணை. நம்பிக் காட்டினது. தொடச் சொல்லேல்லை" என்றேன்.

"நான் சோறு போடுற பூனை. எனக்கே பாடம் எடுக்கிறியள்?" என்றவர், அழுத பிள்ளையைத் தேற்றுகிறேன் என்று மற்றக் கன்னத்தைக் கிள்ளினார். அவள் உடல் கூசி ஒதுங்கினாள்.

அவர்மேல் இன்றும் வெறுப்புத்தான். ஆனால் அவர் கிள்ளும்போதெல்லாம் "பேசாமல் நில்லு, மாமாதானே" என்று இத்தனை வருடம் மகளுக்குச் சொன்னது நான். பூனைக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.