ஹாங்காங்கில் செய்த அகத்தியர்

எங்கள் வீட்டுக் கற்பூரமரப் பெட்டி என் முப்பாட்டனோடு மதராசில் கப்பலேறி ஃபிஜிக்கு வந்தது என்று நாற்பத்து நான்கு வயது வரை நம்பியிருந்தேன். நம்பியதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்துச் சொன்னேன். முப்பாட்டன் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியாக வந்தவர். மாற்று வேட்டி ஒன்று இருந்திருந்தால் அதிசயம். அவர் நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய, உடம்பெல்லாம் சித்திரம் செதுக்கிய பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டா வந்திருப்பார்? இந்தச் சின்னக் கேள்வி என் பெரிய மண்டைக்குள் ஒரு தடவைகூட எட்டிப்பார்க்கவில்லை.

பெட்டியின் முன்பக்கத்தில் மூங்கில் காடு, வளைந்த பாலம். பாலத்தின் மேல் நீளத் தாடியும் புடைத்த நெற்றியும் ஒரு கையில் தடியும் மறு கையில் கமண்டலமுமாக ஒரு குட்டைக் கிழவர். குட்டை, தாடி, தடி. அகத்தியர்தான், வேறு யார்? அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்குச் சூடம் காட்டி அவர் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள். நடுவில் இருந்த பித்தளைப் பூட்டுத் தகட்டுக்குப் பெரிய பொட்டு. பாலத்துக்குக் கீழே தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த மீன்காரனுக்கும் போனால் போகிறதென்று ஒன்று. அம்மா போய் மூன்று வருஷமாகியிருந்தது. அதன் பிறகு யாரும் பொட்டு வைக்கவில்லை. அவள் வைத்தவை மட்டும் அடைஅடையாகக் காய்ந்து அப்படியே இருந்தன.

பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்து பிரதமரையே பிடித்து வைத்த வருஷம் அது. தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்த புகை நசினுவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தது. நான், மனைவி, மகள், அப்பா, நாலு பேருக்கும் ஆக்லாந்து போக நியூசிலாந்து விசா வந்துவிட்டது. சாமான் ஏற்றக் கப்பலில் இடமும் பிடித்தாயிற்று. அப்பா மட்டும் ஒரே வார்த்தையில் நின்றார்.

"பொட்டி வந்தா நான் வரேன். அது வரலேன்னா என்னையும் இங்கயே வுட்டுட்டுப் போங்க."

சரி, பெட்டிதானே, ஏற்றினால் போயிற்று என்று இருந்தேன். அன்றைக்கென்று பார்த்து நமாகாவிலிருந்து என் மச்சானின் போன். விமானநிலையத்தில் மூட்டை ஏற்றுகிறவன்.

"மச்சான், நூறு வருசத்துப் பழசுன்னா நாட்டோட சொத்தாம். பிடிச்சு வச்சுக்குவாங்களாம். மியூசியத்துக் காயிதம் வேணுமாம்."

விமானத்தில் மூட்டை ஏற்றுகிறவனுக்குக் கப்பலில் போகிற பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேனா? இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் பாதி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, யார் காயிதம் கொடுப்பார்கள்? பெட்டி போகாது. அப்பா வரமாட்டார். எழுபது வயதுக் கிழவரைத் துப்பாக்கிக்காரர்களோடு விட்டுவிட்டு நான் ஆக்லாந்தில் ஆப்பிள் தின்பேனா? அன்று சாயங்காலத்துக்குள் பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கோழிக்கூடு என்று சொல்லி அனுப்புவது வரைக்கும் திட்டம் வளர்ந்திருந்தது.

மனைவிதான் சொன்னாள். "பெட்டிக்கு என்ன வயசுன்னு தெரிஞ்சவங்களைக் கேளுங்க. உங்க வயசையே நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும்."

எங்கள் தெருக்கோடியில் ஒரு சீனக் கிழவர் மேசை நாற்காலி செய்து விற்றுக்கொண்டிருந்தார். எங்களைவிட நன்றாக இந்தி பேசுவார். மறுநாள் காலை அப்பா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவரைக் கூட்டி வந்தேன். அவர் அகத்தியரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கவுத்துப் போடு, பாஸ்."

"சாமியையா?"

"பெட்டியை."

கவிழ்த்தோம். அடிப்பலகையை விரலால் தட்டினார். "பிளைவுட். உன் முப்பாட்டன் கப்பல்ல பிளைவுட் இருந்துச்சா?"

நானும் குனிந்து ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அவர் விடவில்லை. கீலில் இருந்த திருகாணிகளைக் காட்டினார். பழங்காலத்துத் திருகாணி கையால் வெட்டியது, கோடு கோணலாக இருக்கும், ஒன்றுபோல் ஒன்று இராது. இவை எல்லாம் அச்சில் வார்த்த அண்ணன் தம்பிகள். பழைய கப்பல்காரர்கள் கொண்டுபோன பெட்டிகளில் பெரும்பாலும் இத்தனை சித்திரம் இராது, மொட்டைப் பலகையும் மூலைக்கு மூலை பித்தளையும்தான் என்றார். பெட்டியை நிமிர்த்தி, அம்மாவின் பெரிய பொட்டுக்கு நேரே விரலை நீட்டினார்.

"இந்தச் சிவப்புக்குக் கீழே முத்திரை இருக்கலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான் மண்ணெண்ணெய்த் துணியோடு பாய்ந்துவிட்டேன். தகட்டைத் தேய்த்தேன். கை நிற்கவில்லை, அகத்தியரையும் சேர்த்துத் தேய்த்தேன். நாற்பது வருஷத்துக் குங்குமம் சிவப்புக் குழம்பாக வழிந்தது. தகட்டின் ஓரத்தில் பொடிப்பொடி இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. ஹாங்காங்!

"ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சப்புறம் வந்த சரக்கு. எங்கப்பா கடையில வரிசையா நிக்கும். கல்யாணப் பொண்ணுங்களுக்கு வாங்குவாங்க" என்றார் கிழவர். பிறகு என் அகத்தியரைக் காட்டி, "இவரு எங்க ஆளு. நீண்ட ஆயுசு கொடுக்கிற சாமி. மறு கையில இருக்கிறது பீச் பழம்" என்றார்.

கமண்டலம் என்றல்லவா இத்தனை நாள் கும்பிட்டேன்! ஆனாலும் பெட்டிக்கு என் வயதைவிடப் பத்து வருஷம்கூடக் கூடுதல் இராது என்ற சந்தோஷத்தில் துணியைத் தலைக்கு மேல் சுழற்றி ஒரு ஆட்டம் போட்டேன். மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா பண்ணிட்டே?"

"அப்பா, நல்ல சேதி! பெட்டி பழசே இல்லே. ஹாங்காங்கு! யாரும் பிடிக்கமாட்டாங்க."

"தெரியும். நான்தானே வாங்கினேன்."

சுழற்றிய துணியைக் கீழே இறக்கினேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கண்ணாலத்துக்கு முந்தின மாசம் சீனன் கடையில வாங்கினேன். உங்கம்மா வீட்ல கப்பல்ல வந்த குத்துவிளக்கு இருந்துச்சு. உங்க வீட்ல கப்பல்ல வந்தது என்னா இருக்குன்னு கேட்டா. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மறுநாளே குளிச்சிட்டு வந்து பொட்டு வச்சுட்டா. அப்புறம் எப்படிடா பொய்யின்னு சொல்றது? நானும் சேந்து கும்பிட்டேன்."

"அப்புறம் எதுக்குப்பா, பெட்டி வந்தாத்தான் வருவேன்னு..."

அப்பா என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "அதுல அவ விரல் இருந்துச்சுடா."

துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். கையெல்லாம் சிவப்பு. சீனக் கிழவர் சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வோர் இடமாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தார். பாலத்துக்குக் கீழே வந்ததும் நின்றார்.

"மீன்காரனை வுட்டு வச்சிருக்கே."

"துணி எட்டலேப்பா."

"நல்லவேளை" என்றார். எழுந்துகொண்டே, "தண்ணி படாம சுத்திக் கட்டு" என்றார்.

சாக்கும் பழைய போர்வையும் போட்டுச் சுற்றிக் கட்டினோம். சுவாவில் கப்பலேற்றும்போது யாரும் மியூசியத்துக் காயிதம் கேட்கவில்லை. ஆக்லாந்தில் ஒரு அதிகாரி மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார். கற்பூரமரத்தில் ஏது பூச்சி? பெட்டி வீட்டுக்கு வந்தது. அப்பாவும் வந்தார். அகத்தியர் நெற்றி வெறுமையாகவே இருக்கிறது. மீன்காரனுக்கு மட்டும் பொட்டு இருக்கிறது.